பிள்ளைக்காம்பராவின் சுடுதண்ணீர்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஹட்டன் பஜாரில் ஓர் இரும்புக்கடையின் பின்கட்டில் எனக்கு வேலை. கடை முதலாளி, வெயிலில் தண்ணீர் சூடாக்கும் பெட்டிகளைச் செய்து விற்றுவந்தார். கறுப்புச் சாயம் பூசிய தகடு, அதில் செப்புக் குழாய், மேலே கண்ணாடி, பக்கத்தில் ஒரு பீப்பாய். அவ்வளவுதான். நான் தட்டெழுத்துக்காரி. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து மேசை நாற்காலி வேலைக்குப் போன முதல் பெண் நான்தான் என்பதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. மறைப்பானேன்.

நுவரெலியாவில் இரண்டு ஹோட்டல்காரர்கள் வாங்கினார்கள், அதோடு சரி. செப்புக் குழாய்க்குப் போட்ட இறக்குமதித் தீர்வை தொழிலின் கழுத்தைப் பிடித்தது. முதலாளியும் கண்டியிலும் கொழும்பிலும் இதே தொழில் செய்த நாலைந்து பேரும் ஒரு சங்கமாகக் கூடி அரசாங்கத்துக்கு மனு எழுதினார்கள். தீர்வையைக் குறைக்க வேண்டும், தோட்டத்து ஆஸ்பத்திரிகளிலும் பிள்ளைக்காம்பராக்களிலும் இந்தப் பெட்டியை வைக்க உத்தரவு போட வேண்டும் என்பது கோரிக்கை. மனுவை ஏழெட்டு முறை அடித்தது நான். சம்பளத்துக்காக மட்டும் அடிக்கவில்லை. நம்பி அடித்தேன்.

நம்பியதற்குக் காரணம் என் அக்கா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. திம்புள்ளப் பக்கம் எங்கள் தோட்டத்துக் காம்பராவில் அவள்தான் ஆயா. பிள்ளைகளைக் குளிப்பாட்ட, பால் போத்தல் கழுவ என்று நாள் முழுக்க அடுப்பை ஊதிக்கொண்டிருப்பாள். கண் எப்போதும் சிவந்திருக்கும், இருமல் வேறு. மாதிரிக்குக் காட்டுவதற்கென்று முதலாளி ஒரு பெட்டியை அந்தக் கூரையில் இலவசமாக வைத்தபோது, "வெயிலு தண்ணி காய்ச்சிக் குடுக்குமாக்கும்! யாருகிட்டடி கதை விடுற?" என்று சிரித்தாள். அது மாசி மாதம். மூன்றாம் நாள் குழாயைத் திறந்தவள் கையை உதறிக்கொண்டு கத்தினாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

மனுவில் ஒரு வரி மட்டும் நான் சொல்லிச் சேர்த்தது. மழை மாதங்களில் பிள்ளைக்காம்பராக்களுக்கு விறகு வழக்கம்போலக் கொடுக்கப்பட வேண்டும் என்ற வரி. எங்கள் பக்கத்தில் ஆனி, ஆடியில் வெயிலைப் பார்ப்பது எவ்வளவு அபூர்வம் என்று அங்கே பிறந்த எனக்குத் தெரியாதா?

பெட்டியை நேரில் பார்க்க மூன்று அதிகாரிகள் வருவதாகக் கடிதம் வந்தது. வந்ததும் ஆனி மாதத்தில். "மழை நாள்ல இது வேலை செய்யாதுன்னு நேர்மையாச் சொல்லிருவோம்மா, அதான் விறகுன்னு எழுதியிருக்கோமே" என்று முதலாளி வழியெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார். நல்ல மனிதர்தான்.

பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றால் தோட்டத்தில் என்ன நடக்கும் என்பது எங்களுக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கம். தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் சுண்ணாம்பு அடிப்பார்கள். காம்பரா அலமாரியில் பூட்டிக் கிடக்கும் புதுச் சட்டைகள் பிள்ளைகள் மேல் ஏறும், வந்தவர்கள் போனதும் திரும்ப அலமாரிக்குள் போகும். வருகிறவர் பார்க்க விரும்புவதைக் கண்ணில் காட்டுவது எங்கள் ஊரில் பொய் ஆகாது, மரியாதை.

அன்றும் தூறல். மூடுபனியில் கூரை கூடச் சரியாகத் தெரியவில்லை. அதிகாரிகளில் மூத்தவர் குழாயைத் திறந்து கையை நீட்டினார், சட்டென்று இழுத்துக்கொண்டார். ஆவி பறந்தது. "இந்தக் குளிரிலுமா?" என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு மற்ற இருவரையும் கூப்பிட்டார். முதலாளி திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். புதுச் சேலை கட்டி, தலை குனிந்து நின்றாள். பக்கத்தில் போனேன், தலைமுடியில் புகை வாடை.

காம்பராவுக்குப் பின்னால் மண்மேடு கூரை உயரத்துக்கு இருக்கும். மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரை வாளியில் கொண்டுபோய் அந்த மேட்டிலிருந்துதான் பீப்பாயில் ஊற்றுவாள். அன்று காய்ச்சிய தண்ணீரை ஊற்றியிருக்கிறாள்.

"என்னக்கா செஞ்ச?" என்று காதோடு கேட்டேன்.

"ஒன் வேலைக்காகத்தான்டி. ஒன்னைய நம்பி வந்தவங்க முன்னாடி பச்சத் தண்ணியவா காட்டுறது?"

அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்கலாம். சிங்களம் எனக்கு நன்றாகவே வரும். சொன்னால் அக்காவுக்கு அவமானம் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்தது என் நாற்காலிக்கு.

மறுநாள் முதலாளி குதூகலமாக வந்தார். "இனி அனுப்பப்போற கடைசி மனுவுல அந்த விறகு வரிய எடுத்துரும்மா. நாமளே நம்ம சாமானக் கொறைச்சு மதிச்சுட்டோம்." அவருக்கு ஒன்றும் தெரியாது. எடுத்தேன். அதற்குப் பதிலாக, மழை மூடிய நாளிலும் சுடுநீர் கிடைப்பதை அதிகாரிகள் நேரில் கண்டார்கள் என்று அடித்தேன். கீழே அடித்தவரின் எழுத்துக்களாக என் பெயரின் முதலெழுத்துக்களையும் போட்டேன். அது அலுவலக வழக்கம்.

தீர்வை குறைந்தது. முதலாளி கடைத்தெருவுக்கே லட்டு கொடுத்தார். கூடவே தோட்டங்களுக்கு ஒரு சுற்றறிக்கையும் போனது. பெட்டி வைத்த பிள்ளைக்காம்பராக்களுக்கு இனி விறகு இல்லை.

அடுத்த வைகாசி கடைசியில் மழை பிடித்தது. பிள்ளைகளைப் பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்ட அக்காவுக்கு மனம் வரவில்லை. கவ்வாத்து வெட்டிய மலையில் கிடந்த தேயிலைக் குச்சிகளை, மிலாறு என்போமே, அதைக் கட்டிக் கொண்டுவரும்போது காவல்காரன் பிடித்துவிட்டான். வெயில் பெட்டி இருக்கும்போது உனக்கு எதற்கு மிலாறு, வீட்டுக்குத்தானே என்று ஆபீசில் கேட்டிருக்கிறார்கள். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் போன வருடத்து வாளி வெளியே வரும், என் வேலை போகும் என்று நினைத்திருக்கிறாள். அவளைக் காம்பராவிலிருந்து எடுத்து மலைக்குக் கொழுந்து பறிக்க அனுப்பிவிட்டார்கள், அந்த இருமலோடு.

கேள்விப்பட்ட அன்றே பஸ் ஏறினேன். தோட்டத்தை நடத்தும் பெரியதுரை முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், அழுகையோடுதான் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பினார். சுற்றறிக்கையோடு வந்திருந்த எங்கள் மனுவின் பிரதி. மழை மூடிய நாளிலும் என்ற வரிக்குக் கீழே அவர் கோடு போட்டிருந்தார்.

"கீழே இருப்பவை உங்கள் பெயரின் முதலெழுத்துக்கள்தானே?" என்றார். "அக்காவுக்காகப் பேசுகிறீர்கள், புரிகிறது."

வெளியே வந்து காம்பராப் பக்கம் போனேன். புதிதாக வந்த ஆயா சின்னப் பெண். ஈரத்தில் நடுங்கும் ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடியில் நின்றாள். கையை நீட்டிப் பார்த்தேன், விரல் மரத்துப்போகும் குளிர்.

"ஒங்கக்கா இருந்தப்ப மட்டும் எப்புடிங்க சுடுதண்ணி வந்துச்சு?" என்று கேட்டாள். "எனக்குத்தான் திறக்கத் தெரியலன்னு கணக்கப்பிள்ளை ஏசுறாருங்க."