நாலாவது குழி

இதைக் கதை என்று நினைத்துப் படிக்காதீர்கள். என் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. நானும் பக்கத்தில்தான் இருந்தேன், என் இரண்டு காதாலும் கேட்டேன். பேயாவது பிசாசாவது என்று கேலி பேசித் திரிந்தவன் நான். இப்போது பட்டப்பகலில்கூடத் தனியாகப் படுப்பதில்லை. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

மாமாவுக்குத் தொல்லியல் வேலை. உயர் அழுத்த மின்கோபுரம் நடுவதற்கு முன், அந்த இடத்தில் பழைய காலத்துச் சமாச்சாரம் ஏதாவது புதைந்து கிடக்கிறதா என்று குழி வெட்டிப் பார்ப்பார். கிடந்தால் வேலை நிற்கும். இல்லை என்று அவர் சொன்னால்தான் கான்கிரீட் லாரி உள்ளே வரும்.

அந்தப் பொட்டல்வெளியில் மூன்று குழியில் ஒன்றுமில்லை. நாலாவதில் ஒரு கால் எலும்பு தெரிந்தது. மாமா குப்புறப் படுத்து, பிரஷ்ஷால் மண்ணை மெல்ல மெல்ல ஒதுக்கினார். பாதம், முழங்கால், தொடை... இடுப்பு வரை வந்துவிட்டார். அதற்குள் கோபுர வேலை பார்க்கும் இன்ஜினியர் வந்து எட்டிப் பார்த்தார். அவர் முகம் செத்துவிட்டது.

"சார், இதுக்காக வேலையை நிறுத்தினா என் சீட்டு கிழிஞ்சிடும்."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

"பார்க்கலைன்னு சொல்லுங்க. அடுத்த லைன்ல குழி வெட்டிப் பார்க்கிற வேலை முழுக்க உங்களுக்குத்தான்."

மாமா நல்லவர்தான். ஆனால் அன்றைக்கு அவர் புத்தி புல் மேயப் போயிருந்தது. தலையை ஆட்டிவிட்டார். பொக்லைன் ஒரே அள்ளில் அத்தனையையும் வாரி லாரியில் கொட்டியது. அந்த மண் எந்தப் பள்ளத்தை நிரப்பப் போனதோ, யாருக்கும் தெரியாது. கடைசிவரை அந்த முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் அவர்மேல் ஆத்திரம் வரும்.

கோபுரம் எழுந்தது. கம்பி இழுத்தார்கள். மின்சாரம் ஓடத் தொடங்கிய அன்று மத்தியானம், சாப்பிட்டுப் படுத்த மாமா கத்திக்கொண்டே எழுந்தார்.

"யாரோ உள்ளங்கால்ல பிரஷ் போடுறாங்க!"

அக்கா சிரித்தாள். "உங்க காலை நானே தொட மாட்டேன். வேற யாரு தொடுவா?"

ஆனால் விரிப்பில், பாதத்துக்கு இரண்டு பக்கமும் பொடி மண் ஒதுங்கிக் கிடந்தது. சிவப்பு மண். எங்கள் வீட்டைச் சுற்றி வெறும் சிமென்ட் தரை.

சாயங்காலம் பாதம் மரத்துப்போனது. மறுநாள் கணுக்கால். பிறகு முழங்கால். டாக்டர்கள் குத்திப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், ஒரு குறையும் இல்லை என்றார்கள். மாமாவுக்கு மட்டும் புரிந்துவிட்டது. இன்ஜினியருக்குப் போன் போட்டு அழுதார்.

"உண்மையைச் சொல்லிடலாம் சார். திரும்பத் தோண்டி..."

"லைன்ல கரண்ட் ஓடுது. இனி எதைத் தோண்டுவீங்க?"

தொடை போனது. இடுப்பு போனது.

"நான் இடுப்போட நிறுத்திட்டேன்டா," என்றார் என்னிடம். "அதுவும் நிறுத்திடும்."

மறுநாள் மத்தியானம் நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கதவைப் பூட்டினேன். மின்விசிறியையும் நிறுத்தினேன்.

சரக்... சரக்...

அவர் சட்டைமேல் சிவப்பு மண். அது தானாக ஒதுங்கியது. பிரஷ்ஷும் இல்லை, கையும் இல்லை.

இடுப்பைத் தாண்டியது.

வயிறு...

"எங்களை மாதிரி அதுக்கு அவசரமே இல்லடா..." மாமா முனகினார்.

நெஞ்சு...

கழுத்து...

முகம்.

சத்தம் நின்றது.

அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. விட்டுவிட்டது என்று அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். மாமாவோடு வேலை பார்க்கும் பெண்ணுக்கு நான்தான் போன் செய்து சொன்னேன்.

அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"முகம் வரைக்கும் சுத்தம் பண்ணியாச்சா?"

"ஆமாங்க. முடிஞ்சுது."

"முடியலைங்க... மண்ணை ஒதுக்கினதுக்கு அப்புறம்தான் நாங்க எலும்பை ஒண்ணொண்ணா வெளியே எடுப்போம்."

உள்ளறையில் மாமா அலறினார். மரத்துப்போன கால் வலிக்கிறது என்று அலறினார்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது கால் சுண்டுவிரலில் எலும்பு இல்லை.

தோலில் ஒரு கீறல்கூட இல்லை.