அடுப்பை அணைத்தது யார்

புஷ்பபாய் அக்காவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் அவளை என்னளவுக்கு அறிந்தவர்கள் இப்போது உயிரோடு இல்லை.

காரக்கோணத்தில் பிறந்து, பாறசாலைக்குக் கிழக்கே எங்கள் ஊருக்கு வாழ வந்தவள். புருஷன் மலேரியாவில் போனபிறகு, என் தையல்கடைக்கு எதிரே சாயாக்கடை போட்டாள். மரச்சீனிக் கிழங்கை இரண்டு தடவை தண்ணீர் மாற்றி வேகவைக்காமல் யார் இலையிலும் வைக்க மாட்டாள். கசப்பு மரச்சீனியில் விஷம் உண்டு. வடிக்கும் தண்ணீரோடுதான் அது போகும். பசியில் கத்துகிறவர்களிடம், "பொறுக்க முடியாதவன் போலாம்" என்பாள்.

ஐம்பத்து நாலில் எங்கள் ஊர் நாதியற்றுக் கிடந்தது. மலையாள ராஜ்யத்தில் இருந்த தமிழர் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போராட்டம். சந்தை கூடவில்லை, தறிகள் ஓடவில்லை, மழையும் பொய்த்து மரச்சீனி வழக்கத்தைவிடக் கசந்தது. எனக்கு மட்டும் அது பொற்காலம். தொண்டர் பட்டை குத்திக்கொண்டு, கடையடைப்பு நாளில் கடைகடையாகப் போய் மூடவைத்தேன். அந்த வீராப்பை நினைத்தால் இன்று என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று அக்காவின் அடுப்பில் மரச்சீனி கொதித்துக்கொண்டிருந்தது.

"எலே தேவகுமாரா, மொத தண்ணியே இன்னும் வடிக்கல்ல. செத்த பொறு மக்கா, வேகட்டும்."

"கடையடைப்புன்னா கடையடைப்புதான் அக்கா" என்று சொல்லிக் குடத்துத் தண்ணீரை அடுப்பில் கவிழ்த்தேன். கூட வந்தவர்கள் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை, கோர்ட்டு சம்மன் கொண்டுவரும் கிருஷ்ணன்குட்டி வாய்க்கால் கரையில் செத்துக் கிடந்தான். வாயில் நுரை, பக்கத்தில் ஒரு வாழையிலை. விஷம் வைத்துக் கொன்றுவிட்டார்கள் என்று ஊரே முடிவுகட்டியது. முந்தின வாரம்தான் தறிக்கார விஜயதாஸ் அவன் கொடுத்த சம்மனைக் கிழித்து அவன் முகத்திலேயே எறிந்திருந்தான். போலீஸ் விஜயதாஸைக் கொண்டுபோனது. அடிக்கிற சத்தம் ரோடுவரை கேட்டதாம்.

உச்சிப்பொழுதில் அக்கா என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டாள். அங்கே அவளுடைய ஆடு வயிறு உப்பிச் செத்துக் கிடந்தது.

"நேத்தைய மரச்சீனியிலதான் மிச்சத்த இது தின்னுருக்கு. கிருஷ்ணன்குட்டிக்கும் நான்தாம்ல குடுத்தேன். பின்வாசல்ல வந்து, 'சேச்சி, ரண்டு நாளாயிட்டு ஒண்ணும் கழிச்சில்லா'ன்னு பட்டினியா நிக்கான். கடையெல்லாம் அடைச்சுக் கிடந்தா அவன் எங்க போயித் தின்பான்? வீட்டுல இன்னொருக்கா வேகவச்சுத் தின்னணும்னு சொல்லித்தான் கட்டிக் குடுத்தேன். பசியில வழியிலயே தின்னிருக்கான்."



"வெளிய சொல்லாதீங்க அக்கா. உங்கள உள்ள போட்டுருவாங்க." நான் பயந்தது எனக்காக.

"அங்க ஒருத்தன அடிச்சுக் கொல்லுகானுவ. நான் போறேன். நீ வாறியா?"

போனேன். துணைக்குப் போகிறேன் என்று ஊர் நினைத்தது. என் பெயரைச் சொல்லிவிடுவாளோ என்று பார்க்கத்தான் போனேன்.

எஸ்.ஐ. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கடைசியில், வேகாத மரச்சீனியின் அடுப்பைப் பாதியில் அணைத்தது யார் என்று கேட்டார். அக்கா உடனே பதில் சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. வாயைத் திறக்க எனக்கு நேரம் கொடுத்தாள். நான் தூணோரம் நின்றேன்.

"நான்தான்" என்றாள்.

விஜயதாஸை விட்டுவிட்டார்கள், ஆனால் அவனுடைய வலது கை அதன்பிறகு தறிக்கு உதவவில்லை. அக்காவுக்கு ஆறு மாதம் ஜெயில். திரும்பிவந்து கடை திறந்தபோது யாரும் உள்ளே நுழையவில்லை. விஷக்காரி என்று தெருவில் கூப்பிட்டார்கள். அதைக் கேட்டுக்கொண்டே நான் எதிரே உட்கார்ந்து சட்டை தைத்தேன். ஒரு வருஷத்தில் கடையை மூடிவிட்டு, கள்ளிக்காட்டில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கேயே செத்தாள்.

அடுப்பை அணைத்ததைக்கூட அறியாமை என்று சொல்லி என்னை நானே தேற்றிக்கொள்ள முடிகிறது. ஆனால் அவள் "நான்தான்" என்று சொன்ன அந்த நிமிஷம் எனக்கு அழுகை வரவில்லை, வெட்கம் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது.