மஞ்சள் வைக்காத விரல்

பழவேற்காட்டில் என்னை எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் இரண்டு நாள், "நான் டாக்டர் இல்லைக்கா, ஆராய்ச்சி பண்ற பொண்ணு" என்று திருத்தினேன். பிறகு விட்டுவிட்டேன். கேட்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

மீஞ்சூரிலிருந்து ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவேன். ஏரியின் உப்புத் தண்ணீரில் ஒரு வகைக் கிருமி இருக்கிறது. இறாலின் குடலிலும் மீனின் குடலிலும் சாதுவாகக் குடியிருக்கும். காயத்தின் வழியே மனித உடம்புக்குள் புகுந்தால் சிலரை ஒன்றும் செய்யாது, சிலருக்குச் சதையையே தின்றுவிடும். ஏன் இந்த ஓரவஞ்சனை என்பதுதான் என் ஆராய்ச்சி. அதற்குக் காயம்பட்ட கைகள் வேண்டும். கையால் இறால் தடவும் பெண்களிடம் அதற்குப் பஞ்சமே இல்லை. இறாலைப் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் குந்தியபடியே நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிப் பிடிப்பார்கள். சிப்பி கிழிக்கும், கெளுத்தி முள் குத்தும்.

ஆனால் கரையேறியதும் காயத்தில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்து அப்பிவிடுவார்கள். அதன்மேல் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்துப் போனால் ஆய்வுக்கூடத்தில் ஒன்றும் வளராது. கிருமி வளர்க்கும் தட்டுகள் மாதக்கணக்கில் வெறுமையாகவே கிடந்தன. என் வழிகாட்டி வாய்க்கு வந்தபடி திட்டினார். எனக்கும் பிடிவாதம் ஏறியது. புதுக் காயம் பட்டால் நான் வந்து மாதிரி எடுக்கும்வரை கழுவாதீர்கள், எதையும் வைக்காதீர்கள் என்று வீடு வீடாகச் சொல்லிவைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, டச்சுக்காரர் கல்லறைச் சுவர் நிழலில் உட்கார்ந்து குப்பிகளில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். ஐம்பது வயதிருக்கும் அக்கா ஒருவர் ஈரப் புடவையோடு வந்து வலது ஆள்காட்டி விரலை நீட்டினார். கெளுத்தி முள் ஆழமாக இறங்கியிருந்தது. அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு; படிவத்தில் எழுதியதே நான்தான். நான் தேடிக்கொண்டிருந்தது இப்படி ஒரு கையைத்தான். ஆனால் கொண்டுவந்த குச்சிகள் தீர்ந்துபோயிருந்தன.

"திங்கட்கிழமை காலையிலே வந்து எடுத்துக்கறேன்கா. அதுவரைக்கும் மஞ்சள் கிஞ்சள் வச்சிடாதீங்க."

"சரி டாக்டரம்மா. நீ சொன்னா சரி."

திங்கட்கிழமை போகவில்லை. தயாராக வைத்திருந்த தட்டுகளில் பூஞ்சை பிடித்துவிட்டது, எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டியிருந்தது. அவருடைய மகளின் போன் நம்பர் என்னிடம் இருந்தது. "நான் வரலை, மருந்து வச்சுக்கங்க" என்று சொல்ல அரை நிமிடம் போதும். சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். போன் பண்ணினால் மஞ்சள் வைத்துவிடுவாரே என்றுதான் பண்ணவில்லை.

புதன்கிழமை போனபோது அவருக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. விரல் கறுத்து, மணிக்கட்டுவரை கை வீங்கியிருந்தது.

"இன்னாம்மா, திங்கக்கெயம வரேன்னியே, வர்லியே? எம் பொண்ணு மஞ்ச வையின்னு ஒரே சண்ட. டாக்டரம்மா வேணான்னுக்கீது, அது வந்து பாத்துட்டுப் போவட்டும்னு சொல்லிட்டேன்."

அடுத்து நான் செய்ததை எழுதவே கூசுகிறது. உடனே ஆட்டோவைக் கூப்பிடவில்லை. பெட்டியைத் திறந்து, குச்சியை எடுத்து, காயத்தில் ஒற்றி, குப்பியில் போட்டு மூடி, சீட்டு ஒட்டினேன். அவர் வலியை அடக்கிக்கொண்டு கையை அசைக்காமல் காட்டினார். அதற்குப் பிறகுதான் ஆட்டோ, ஆஸ்பத்திரி எல்லாம்.

விரலை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தது. சேற்றுக்குள் இறால் எது, சிப்பி எது என்று அம்மாவுக்குச் சொல்வதே அந்த விரல்தான் என்று மகள் என்னிடம் சொன்னாள். கோபமில்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் தேவலை.

அந்தக் குச்சியிலிருந்து கிருமி அமோகமாக வளர்ந்தது. என் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் முழுக்க அதைப் பற்றித்தான். அக்கா அதில் ஒரு சாம்பிள் நம்பர், அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்துப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன்; வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். "அக்கா, மஞ்சள் வைக்க வேண்டாம்னு நான் சொன்னதாலதான்..." என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை.

"அத்த வுடும்மா. சக்கரையாலதான் போச்சுன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. நீ இன்னா பண்ணுவ? அன்னிக்கு எடுத்தியே, அது நல்லா வந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

அவர் முகத்தில் நிஜமாகவே நிம்மதி தெரிந்தது. வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"ஏ, டாக்டரம்மா வந்துகீது பாரு. வந்து கைய காட்டு."

அந்தப் பெண் ஓடி வந்தாள். உள்ளங்கையில் சிப்பி கிழித்த காயம், சேறுகூடப் போகவில்லை.

"முந்தாநாளு பட்டுச்சுக்கா. நீ வருவேன்னு ஒண்ணியும் வெக்காம வெச்சிகிறேன்."

அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். "சாம்பிள் எடுக்கலியாக்கா?" என்று கேட்டபடியே அவளும் என் பின்னால் ஓடி வந்தாள்.