மேல் வால்வை மூடிய குழாய்க்காரர்

அந்த வட்டாரத்தில் குழாய்க்காரர் என்றால் அவர் ஒருவர்தான். சுவரில் காதை வைத்தே ஒழுகும் இடத்தைச் சொல்லிவிடுவார். பொய் சொல்வது மட்டும் மனுஷனுக்குக் கைவராத வித்தை. அப்படிப்பட்டவர் ஒரு நாய்க்குட்டிக்காகச் சொன்னார் பாருங்கள் ஒரு பொய், அடேயப்பா!

குட்டி அவருக்கு வேலைக்குப் போன இடத்தில் கிடைத்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒண்டிக்கிடந்ததைக் கருவிப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். வீடு வருவதற்குள் பையிலிருந்த ரப்பர் வாஷர்களையெல்லாம் கடித்துக் குதறிவிட்டது. அதனால் பெயரே வாஷர் என்று ஆகிவிட்டது. மனைவி வீட்டிலேயே இஸ்திரி போட்டுக் கொடுப்பவள். கூடம் முழுக்க ஊரார் துணி. அவள் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"வெளிய போகப் பழகினா இருக்கட்டும். வீட்டுக்குள்ள போச்சுன்னா என் தம்பி வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

தம்பி வீட்டுக்கு ரயிலில் போக வேண்டும். குழாய்க்காரர் விடுவாரா? குட்டி தூங்கி எழுந்தால் தோட்டம், சாப்பிட்டால் தோட்டம், விளையாடி முடித்தால் தோட்டம் என்று தூக்கிக்கொண்டு ஓடினார். வாஷரும் சமர்த்து. சீக்கிரமே பின்கதவைச் சுரண்டிக் கேட்கப் பழகிக்கொண்டது. அதை அவர் பீற்றிக்கொள்ளாத ஆள் அந்தத் தெருவில் இல்லை.

யார் கண் பட்டதோ, ஒரு காலை சமையலறைத் தொட்டியடியில் ஈரம். மனைவி குனிந்து பார்த்தாள்.

"என்ன இது?"

"ஜாயின்ட் கசியுது." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஊரு குழாயெல்லாம் சரி பண்றவர் வீட்லயா?"

மானம் போனால் போகிறது, குட்டி இருந்தால் சரி என்று, கல்லுப்போல இருந்த ஜாயின்டைக் கழற்றி மாட்டினார். மறுநாள் கதவோரம் ஈரம். அப்புறம் கட்டிலடியில். அங்கெல்லாம் குழாயே கிடையாது. தரைக்கடியில் ஓடி வருகிறது என்று சப்பைக்கட்டு கட்டி, ஒன்றுமில்லாத ஜாயின்டைத் திரும்பத் திரும்பத் திருகினார். மனைவி ஒரு பார்வை பார்த்துவிட்டு இஸ்திரி போடப் போய்விட்டாள்.

அப்போதுதான் அவருடைய தொழில்மூளை வேலை செய்தது. கீழே ஒழுகினால் மேல் வால்வை மூட வேண்டியதுதானே! குட்டியின் தண்ணீர்க் கிண்ணத்தைப் பரண்மேல் ஒளித்துவைத்தார். வேளைக்கு இரண்டு மடக்கு கொடுத்தார், அவ்வளவுதான். பெரிய அறிவாளி.

ஒழுகல் நிற்கவில்லை. குட்டி இங்கே குந்தியது, அங்கே குந்தியது, ஒவ்வொரு முறையும் சொட்டுதான். ஒரு மாலை குந்திய இடத்திலேயே முனகியது. துடைத்த துணியில் லேசாகச் சிவப்பு. அவர் அப்போதே குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினால், வாசலில் மனைவி செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"நீ எதுக்கும்மா?"

"சும்மாதான், வரேன்."

கால்நடை டாக்டர் ஒரு பெண்மணி. குட்டியின் வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தபடி கேட்டார். "எத்தனை நாளா வீட்டுக்குள்ளயே போகுது?"

குழாய்க்காரர் மனைவியைத் திருதிருவென்று பார்த்தார். சொன்னால் குட்டி ரயில் ஏறிவிடும். சொல்லாவிட்டால் வலி தீராது.

"ஒரு வாரமா. குழாய் கசியுதுன்னு நான்தான் வீட்ல பொய் சொன்னேன்."

"தண்ணி நல்லா குடிக்குதா?"

இந்தக் கேள்விக்கு முந்தின கேள்வியே தேவலாம் போலிருந்தது. "கிண்ணத்தை எடுத்து வச்சிட்டேங்க. மேல் வால்வை மூடினா கீழ ஒழுகாதுன்னு..."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "மூத்திரப்பையில கிருமி. அதால அடக்க முடியல, பாவம். நீங்க பழக்கினது எதையும் அது மறக்கல. இதுக்கு முக்கியமா வேண்டியதே தண்ணி. அதைப் போய் நிறுத்தியிருக்கீங்களே."

வாயில்லா ஜீவனைத் தாகத்தில் தவிக்கவிட்டோமே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நிமிர்ந்து பார்க்க முகமில்லை.

"குடிச்சிட்டுதான் இருந்துச்சு டாக்டர்," என்றாள் மனைவி. "துணிக்குத் தெளிக்கிற தண்ணியைக் கீழ வச்சிடுவேன். காலியாகக் காலியாக ரொப்பி வச்சேன்."

"உனக்கு எல்லாம் தெரியுமா?" என்றார் அவர்.

"குழாய்த் தண்ணி அந்த நாத்தம் நாறுமா? சேட்டை பண்ணுதுன்னு நினைச்சேன். உடம்புக்கு முடியலன்னு எனக்கும் தோணல."

மருந்தை வாங்கிக்கொண்டு நடந்தார்கள். பாதி வழியில் அவர் மெல்ல இழுத்தார். "உன் தம்பிகிட்ட..."

"அவன் வீட்ல பின்கதவு கிடையாது. இது எங்க போய்ச் சுரண்டும்?" என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள்.

மருந்து கேட்டது. வாஷர் பழையபடி கதவைச் சுரண்டத் தொடங்கியது. ஆனால் ஒருநாள் தொட்டியடியில் மறுபடியும் ஈரம். குழாய்க்காரர் பதறிப்போய் மண்டியிட்டு முகர்ந்து பார்த்தார். வெறும் தண்ணீர். கழற்றிக் கழற்றி மாட்டியதில் மரை தேய்ந்து, ஜாயின்ட் நிஜமாகவே கசிந்துகொண்டிருந்தது. அவர் மல்லாந்து படுத்துக் கைவைத்ததுதான் தாமதம், குழாய் கையோடு வந்துவிட்டது. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் பின்கதவில் சுரண்டல்.

"ஏம்மா, கொஞ்சம் கதவைத் திறந்து விடேன்."

அவர் சொல்வதற்கு முன்பே கூடத்தில் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கும் சத்தம். "இருடி கண்ணு, வந்துட்டேன்," என்று அவள் ஓடினாள். கதவு திறந்தது. தோட்டத்திலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"ஏங்க, மேல் வால்வை மூடினீங்களா?"

அதைத்தான் அவர் மறந்திருந்தார்.