சாலோமி சிஸ்டரின் முதல் கேள்வி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது உடன்குடி பஜாருக்கே தெரியும். கருப்பட்டி விற்கிறவனுக்கு இத்தனை காரம் ஆகாது என்று என் மனைவி ஜமீலா பீவி கேலி செய்வாள். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சாலோமி சிஸ்டரை முதலில் பார்த்ததும் அந்தக் கோபத்தோடுதான். ஜமீலாவுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்து, ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்து, மருந்து ஏற்றுவதற்காகப் போயிருந்தோம். பெரிய டாக்டர் வருவார் என்று காத்திருந்தால், ஒல்லியாக ஒரு அம்மாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு எங்கள் எதிரே உட்கார்ந்தார்.

“நாங்க டாக்டரப் பாக்க வந்திருக்கோம்” என்றேன், முறைப்பாக.

“பாக்கலாம் அண்ணாச்சி. டாக்டர் பாக்கதுக்கு முன்னாலயும் நான் பாப்பேன், பாத்த பொறவும் நான்தான் பாப்பேன். என்னய விட்டு ஒங்களால தப்ப முடியாது.”

ஜமீலா சிரித்துவிட்டாள். நோய் வந்த பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

சாலோமி சிஸ்டருக்குப் பாளையங்கோட்டை. அப்பா தேவதாசன் வாத்தியார். நர்ஸ் படிப்பு முடித்து வார்டில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, பிள்ளை பெற்ற பிறகு வெளியூரில் தங்கிப் புற்றுநோய்க்கென்றே மேல்படிப்புப் படித்து வந்தவர். ஒரு நோயாளி உள்ளே வந்தால் உடம்பைச் சோதிப்பது, இரத்தப் பரிசோதனையைப் பார்ப்பது, இன்றைக்கு மருந்து தாங்குவாரா, தள்ளிப்போட வேண்டுமா என்று கணித்து டாக்டரிடம் சொல்வது எல்லாம் அவர் வேலை. டாக்டரும் “சாலோமி, நீ என்ன நினைக்கிற?” என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். வீட்டுக்குப் போன பிறகு வருகிற வாந்தி, வலி, பயம் எல்லாவற்றுக்கும் அவருடைய போன்தான்.

போனிலும் சரி, நேரிலும் சரி, அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். “என்ன சாப்ட்டிய?” நம் ஊரில் யாரும் யாரையும் கேட்கிற கேள்வி. நானும் அதை மரியாதைப் பேச்சு என்றே நினைத்தேன். பக்கத்துக் கட்டிலில் மருந்து ஏறிக்கொண்டிருந்த ஐயம்பெருமாள்தான் எனக்குப் புரிய வைத்தார். அவர் அம்பாசமுத்திரத்து நெல் விவசாயி.

“அது சாப்பாட்டுக் கேள்வியில்ல பாய். வெறும் மோர்னு சொன்னேன், ‘வாயத் தொறங்க, புண்ணு இருக்கா’ன்னாக. மருமக வரல, கடையில இட்லி வாங்குனேம்னு சொன்னேன், மருமகளுக்குப் போன் போட்டு வஞ்சிட்டாக. நம்ம தட்டுல என்ன கெடக்குன்னு தெரிஞ்சா நம்ம உடம்புல என்ன கெடக்குன்னு இந்தப் பொம்பளைக்குத் தெரியும்.”

அந்த ஐயம்பெருமாள் கையில் மருந்து ஏற்றுகிற குழாய் பொருத்தியிருந்தார்கள். அதில் தண்ணீர் படவே கூடாது. மனுஷன் பாலிதீன் பையைக் கையில் சுற்றி, அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தாமிரபரணியில் முங்கிக் குளித்துவிட்டு வந்திருந்தார். சிஸ்டர் கட்டைப் பிரித்தார், உள்ளே ஈரமாக இருந்தது.

“ஆத்துல எறங்குனியளா?”

“கையி எறங்கல சிஸ்டர்” என்றார் அவர். வார்டே சிரித்தது. சிஸ்டரும் சிரித்தார். ஆனால் சிரித்துக்கொண்டே குழாயைச் சுற்றி ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்த்தார், சீழ் இருக்கிறதா என்று மோந்து பார்த்தார், புதுக் கட்டுப் போட்டார். நான் கருப்பட்டியை உடைத்து முகர்ந்து பார்த்தே கலப்படம் சொல்லிவிடுவேன் என்று பெருமை பேசுகிறவன். அன்று வாயை மூடிக்கொண்டேன்.

ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதத்திலேயே சிஸ்டர் ஜமீலாவிடம், மருந்து முடிகிற வரைக்கும் நோன்பு வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஜமீலா உடனே தலையாட்டினாள். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை உண்டு என்பதால் நானும் அதோடு விட்டுவிட்டேன். நோன்பு வந்தது. விடியுமுன் சஹருக்கு எழுந்து சமைத்து, என்னோடு அவளும் சாப்பிட்டாள். மாத்திரை போட வயிறு நிறையட்டும் என்று நினைத்துக்கொண்டேன். பகலெல்லாம் நான் கடையில். சாயங்காலம் கஞ்சி குடிக்கும்போதும் கூடவே இருந்தாள். அவளும் நோன்பு வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு நாள் மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்த நேரம் சிஸ்டர் வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார். அப்போது அவர்கள் பேசியதைப் பிறகு இருவரும் சொல்லக் கேட்டேன்.

“என்னக்கா சாப்ட்டிய?”

“சாளை மீன் கொழம்பு வச்சிருக்கேன் சிஸ்டர்.”

“வச்சது சரி, சாப்ட்டியளா?”

“அவுகளுக்குப் பிடிக்கும்னு வச்சேன்.”

“சரிக்கா. தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தியளா?”

“சாயந்தரம் பாக்கேன் சிஸ்டர். இப்ப வாயில ஒண்ணும் வைக்கக் கூடாதுல்லா.”

நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டர் வைத்தால் நோன்பு முறிந்துவிடுமோ என்று பயந்து, ஜமீலா பகலில் காய்ச்சல் பார்ப்பதையே நிறுத்தியிருந்தாள். உடம்பு சுட்டதைப் பங்குனி வெயில் என்றும் பட்டினிச் சூடு என்றும் தானாக முடிவு கட்டியிருந்தாள். சிஸ்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை.

“வாயில வைக்காண்டாம்க்கா. கக்கத்துல வச்சிக்கிட்டு லைன்லயே இருங்க.”

அக்குளில் வைத்துப் பார்த்தாள். நூற்று இரண்டு காட்டியது.

அடுத்த போன் என் கடைக்கு. “அண்ணாச்சி, கடைய அடைங்க. கார் ஒண்ணு பிடிச்சிக்கிட்டு வீட்டுக்குப் போங்க. அக்கா நோம்பு வச்சிருக்காக, காய்ச்சல் அடிக்கி.” மருந்து ஏற்றிய சில நாளில் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி தரைமட்டத்துக்கு இறங்கிவிடும், அந்த நாட்களில் காய்ச்சல் வந்தால் உடனே ஊசி போடாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று முதல் நாளே எங்களுக்குச் சொல்லியிருந்தார். கடையை அடைத்துவிட்டுக் கார் பிடிக்க ஓடினேன்.

வீட்டில் ஜமீலா கட்டிலில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பு வெடவெடவென்று ஆடியது. கார் வாசலில் நிற்கிறது, அவள் அசையவில்லை.

“சாயந்தரம் மஃரிபுக்குப் பாங்கு சொல்லட்டும். நோம்பு தொறந்துட்டு வாரேன். இப்பப் போனா ஊசி, தண்ணி, மாத்திரைம்பாக.”

கத்தினேன். என் ஆயுளில் கற்ற கத்தல் எல்லாவற்றையும் கத்தினேன். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வேறு வழியில்லாமல் சிஸ்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். ஜமீலா போனைப் பார்த்துச் சொன்னாள்.

“சலுகை இருக்குன்னு எனக்கும் தெரியும் சிஸ்டர். அடுத்த வருசம் நோம்பு எனக்கு உண்டோ இல்லியோ. இதுதான் என் கடைசி நோம்புன்னா? அதையும் விட்டுட்டா போகணும்?”

ஒரே வீட்டில் இருந்துகொண்டு இந்த நினைப்பை அவள் தனியாகச் சுமந்திருக்கிறாள். ‘அப்படியெல்லாம் சொல்லாதிய, நூறு வயசு இருப்பிய’ என்று எல்லாரும் சொல்வதைச் சிஸ்டரும் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை.

“அக்கா, விட்ட நோம்பப் பொறவு களாவாப் பிடிக்கலாம்லா?”

களா என்றால் தவறிய நோன்பை உடம்பு சரியான பிறகு வேறொரு நாளில் வைத்து ஈடு செய்வது. பாளையங்கோட்டைக் கிறிஸ்தவப் பெண்ணுக்கு இந்த வார்த்தை தெரிந்திருந்தது.

“பிடிக்கலாம்” என்றாள் ஜமீலா.

“களா பிடிக்கதுக்கு ஆளு உசுரோட இருக்கணும்லாக்கா?”

ஜமீலா என்னைப் பார்த்தாள். பிறகு தானே எழுந்து போய், செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றி, பிஸ்மி சொல்லிக் குடித்தாள். குடிக்கும்போது கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக இறங்கியது. நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

கார் புறப்படுவதற்குள் சிஸ்டர் டாக்டரிடம் பேசி, வழியிலேயே திருச்செந்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் முதல் ஊசி போட ஏற்பாடு செய்துவிட்டார். நாங்கள் திருநெல்வேலி போய்ச் சேர்ந்தபோது கட்டில் தயாராக இருந்தது. சாயங்காலம் வரை காத்திருந்தால் கை மீறிப் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். சில நாள் இழுபறிக்குப் பிறகு ஜமீலா எழுந்து உட்கார்ந்து ரசஞ்சோறு கேட்டாள்.

“எப்படிக் கண்டுபிடிச்சிய சிஸ்டர்?” என்று கேட்டேன்.

“வேண்டாம்னு சொன்னதும் அக்கா ஒடனே தலையாட்டுனாகல்லா? வாதாடுதவங்களப் பத்தி எனக்குப் பயமில்ல அண்ணாச்சி. வாதாடாமத் தலையாட்டுதவங்களுக்குத்தான் மொதல்ல போன் போடுவேன். அதுலயும் நோம்பு வச்ச வாயி பொய் சொல்லாது. அதான் சாப்ட்டேம்னு சொல்லாம கொழம்பு வச்சேம்னு சொன்னாக.”

தொழுகையில் நிற்கும்போது வருகிற அடக்கம் அந்த வார்டு வராந்தாவில் எனக்கு வந்தது.

எல்லாரும் பிழைத்துவிடவில்லை. ஆடி மாதம் ஐயம்பெருமாள் போய்விட்டார். சிஸ்டர் பஸ் பிடித்து அம்பாசமுத்திரம் போனார். திரும்பி வருகிற பஸ்ஸிலிருந்து ஜமீலாவுக்குப் போன் செய்து, “என்னக்கா சாப்ட்டிய?” என்று கேட்டார். ஐயம்பெருமாள் இறந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். குரலில் ஒரு பிசிறு இல்லை. ஒருவர் சாவுக்குப் போய்விட்டு வந்த கையோடு அடுத்தவர் தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்க எப்பேர்ப்பட்ட நெஞ்சு வேண்டும்! என்னால் முடியாது. எனக்குத் தெரிந்த யாராலும் முடியாது.

ஜமீலாவுக்கு மருந்து முடிந்தது. தலையில் முடி கறுகறுவென்று முளைத்தது. ஐப்பசி மழை தொடங்கியதும், நோன்பு பிடிக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டாள். அவர் சோதித்துப் பார்த்துச் சம்மதித்தார். சிஸ்டர் அன்று லீவில் இருந்தார். அவரிடம் சொல்ல வேண்டாம் என்று ஜமீலா எனக்கு வாய்ப்பூட்டுப் போட்டாள். ஒவ்வொன்றாகப் பிடித்தாள்.

கடைசி நோன்பு அன்று மத்தியானம் நான் வீட்டில் இருந்தேன். வெளியே நல்ல மழை. போன் மணியடித்தது. ஜமீலா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“என்னக்கா சாப்ட்டிய?”

“ஒண்ணும் சாப்பிடல சிஸ்டர்” என்றாள் ஜமீலா, புதுப்பெண் மாதிரி சிரித்துக்கொண்டு. “களா நோம்பு. டாக்டர்ட்டக் கேட்டுட்டுத்தான் பிடிச்சேன். இன்னையோட எல்லாம் தீருது.”

லைன் அறுந்துவிட்டதோ என்று போனை வாங்கிக் காதருகே வைத்தேன். சிஸ்டர் அழுதுகொண்டிருந்தார். வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார் என்பது தெரிந்தது. போனை ஜமீலாவிடமே கொடுத்தேன்.

சிஸ்டர் மூக்கை உறிஞ்சிவிட்டு, பழைய குரலில் கேட்டார். “சரி, காய்ச்சல் பாத்தியளா?”

“பாத்தேன் சிஸ்டர்” என்றாள் ஜமீலா. “கக்கத்துல வச்சு.”