அவள் பெயரில் வந்த பெட்டிகள்

ஒரத்தநாட்டில் மாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன். காலையில் கால்நடை ஆஸ்பத்திரிக்கு மாட்டையும் ஆட்டையும் ஓட்டிவருகிறவர்கள் சீட்டை நீட்டிக் கால்சியம் பாட்டிலும் பூச்சி மருந்தும் வாங்கிக்கொண்டு போனால், பன்னிரண்டு மணிக்குக் கடை காலி. அதன்பிறகு மூன்று மணி வரை ஈ ஓட்டுகிற வேலைதான். எனக்கு நாற்பத்தேழு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்கிறவர்களுக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருந்தேன். இப்போது யாரும் கேட்பதில்லை. அம்மா போன பிறகு மத்தியானம் வீட்டுக்குப் போகவும் காரணமில்லாமல் போய்விட்டது. மெஸ்ஸிலிருந்து வரும் சாப்பாட்டைக் கடையிலேயே பிரித்துவைத்துக்கொண்டு அந்த மூன்று மணி நேரத்தைத் தள்ளுவேன்.

அந்த மூன்று மணி நேரத்துக்குள் ஒரு விளையாட்டைக் கொண்டுவந்து வைத்தவள் என் தங்கை. அம்மாவின் முதல் வருஷத் திதிக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவள், கிளம்புகிற அன்று என் போனைப் பிடுங்கி அதை ஏற்றினாள். "நீ போன்ல பேசுனா ரெண்டு நிமிஷம் தாண்டாது. இதுல வெளையாடிக்கிட்டே பேசலாம்ணே," என்றாள். உண்மைதான். எனக்குப் போனில் பேச வராது. சாப்பிட்டியா, அங்கே குளிரா, மாப்பிள்ளை சௌக்கியமா என்று மூன்று கேள்வி முடிந்ததும் வாய் அடைத்துவிடும்.

விளையாட்டு பெரிய சூத்திரமெல்லாம் இல்லை. ஆளுக்கொரு தீவு. அதில் வீடு கட்டி, கப்பல் கட்டி, பல நாட்டுக்காரர்களோடு குழுவாகச் சேர்ந்து அடுத்த குழுவின் கோட்டையைப் பிடிக்க வேண்டும். எனக்கு மத்தியானம் பன்னிரண்டு என்றால் அவளுக்குச் சாயங்காலம் ஐந்து, ஐந்தரை. வேலை முடிந்து ரயிலில் உட்கார்ந்ததும் உள்ளே வருவாள். காதில் அவள் குரல் கேட்கும். "இடது பக்கமா ஒருத்தன் வர்றான் பாருண்ணே, சுடு, சுடு" என்பதற்கு நடுவில் ஆபீஸ் சண்டையும் வரும், மாப்பிள்ளை சமையலும் வரும். அம்மா இறந்த அன்று டிக்கெட் கிடைக்காமல் அவளால் வர முடியாமல் போனதைப் பற்றி நேரில் ஒரு மாதம் ஒரே வீட்டில் இருந்தும் நாங்கள் பேசவில்லை. அதை ஒரு கோட்டையை முற்றுகையிட்டிருந்த மத்தியானம் பேசினோம். அவள் அழுதுகொண்டே பீரங்கி சுட்டாள். அன்றைக்கு எங்கள் குழு படுதோல்வி. குழுத் தலைவன் எங்களை என்னென்னவோ மொழியில் திட்டினான். எனக்கு அம்மா போனதிலிருந்து அப்படி ஒரு நல்ல நாள் வாய்க்கவில்லை.

விளையாட்டு இலவசம். மருந்துக் கம்பெனி ஆள் பத்துப் பாட்டிலுக்கு ஒரு பாட்டில் சும்மா தருகிறேன் என்றால் அவனை ஏற இறங்கப் பார்க்கிறவன் நான். இதை மட்டும் ஏன் அப்படிப் பார்க்கவில்லை என்று இப்போதும் என்மேல் எரிச்சல் வருகிறது. கப்பல் கட்ட எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். முத்து கொடுத்தால் உடனே மிதக்கும். முத்து வாங்க நிஜ ரூபாய் கட்ட வேண்டும். அதையும் விளையாட்டுக் கம்பெனிக்காரன் கேட்கிற அளவில் தரமாட்டான். வேண்டிய சாமான் தொண்ணூறு முத்து என்றால் பொட்டலம் எண்பதில் இருக்கும். அந்தப் பத்துக்காக இன்னொரு பொட்டலம். 'இன்னும் பத்து நிமிடத்தில் இந்தச் சலுகை முடிகிறது' என்று ஒரு கடிகாரம் பதறும். மறுநாளும் அதே சலுகை, அதே பதற்றம். தவறாமல் தினமும் வருகிறவனுக்கு ஒரு கிரீடம் உண்டு. சித்தப்பா வீட்டு விசேஷத்தில் ஒருநாள் போனைத் தொடாமல் இருந்தேன், அத்தனை மாத வருகையும் பூஜ்யமாகிவிட்டது. முத்து கொடுத்தால் பழைய கணக்கைத் திருப்பித் தருவானாம். கொடுத்தேன். குழுவில் யார் எவ்வளவு போட்டார்கள் என்று எல்லோரும் பார்க்கும்படி ஒரு பட்டியல் வேறு. போடாதவன் பெயர் அடியில் சாம்பல் நிறத்தில் கிடக்கும். கடன் சொல்லி மருந்து வாங்குகிறவர் பெயரைக்கூட நான் கடையில் அப்படி எழுதி ஒட்டியதில்லை.

அப்புறம் அந்தப் பெட்டி. நண்பர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் சின்ன மரப்பெட்டி. அதன்மேல் அனுப்பியவரின் கொடி. தங்கையின் கொடி நீலம். 'உங்கள் நண்பர் உங்களை நினைத்து இதை அனுப்பியிருக்கிறார்' என்று எழுதியிருக்கும். கீழேயே 'பதிலுக்கு அனுப்புங்கள்' என்று ஒரு பொத்தான். அதற்கு முத்து வேண்டும்.

இந்த இடத்தில்தான் கம்பெனிக்காரன் என்னை வசமாகப் பிடித்தான், அதுவும் தெரியாமலே பிடித்தான். எங்கள் பக்கம் அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவே சீர் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு முடிவே கிடையாது. தங்கைக்குப் பேரன் பிறந்தாலும் பொங்கல் சீர் போக வேண்டும். அவள் கும்பகோணத்தில் இருந்தவரை கரும்புக்கட்டு, மஞ்சள் கொத்து, அரிசி, வெல்லம், புடவை என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு நானே போவேன். கடல் தாண்டிப் போனபின் பாங்கியில் பணம் போட்டேன். "எனக்கு எதுக்குண்ணே காசு," என்று சண்டை பிடித்தாள். அதோடு சீர் நின்றுபோய், எனக்குள் ஒரு உறுத்தலாக இருந்தது. அப்படிப்பட்டவனிடம் தங்கை தினம் ஒரு பெட்டி அனுப்பினால் அவள் கையை நான் வெறுமையாக விடுவேனா? ஒன்றுக்கு ஒன்றரையாகத் திருப்பி அனுப்பினேன். அவள் சிரித்தாள். "போதும்ணே, என் தீவுல வைக்க எடமில்ல" என்பாள்.

ஒன்றரை வருஷம் அப்படிப் போயிற்று. பிறகு அவள் வேலை மாறினாள். ரயில் போய்க் கார் வந்தது. கார் ஓட்டிக்கொண்டு கப்பலும் ஓட்ட முடியாது. "இந்த வாரம் முடியலண்ணே," என்றாள். அடுத்த வாரம் அதையும் சொல்லவில்லை. ஆனால் பெட்டி நிற்கவில்லை. ஒருநாள்கூடத் தவறாமல் பன்னிரண்டு மணியை ஒட்டி நீலக் கொடியோடு வந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. பேச நேரமில்லாவிட்டாலும் நாளைக்கு ஒருதரம் அண்ணனை நினைக்கிறாள் என்று வைத்துக்கொண்டேன். பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பேன். தீபாவளிக்கு மூன்று நிமிடம் பேசினோம். விளையாட்டுப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மற்ற நாட்களில் கூப்பிடவேண்டும் என்றே தோன்றவில்லை. பெட்டி வந்துவிட்டது, நன்றாக இருக்கிறாள். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

தை பிறக்கப் போகிறது என்றதும் விளையாட்டில் 'அறுவடைப் பெட்டி' என்று பெரிதாக ஒன்று வந்தது. படத்தில் கோதுமைக் கதிர். சம்பா அறுக்கிற ஊரில் இருப்பவனுக்குக் கோதுமையைக் காட்டுகிறான் பார் என்று சிரித்துக்கொண்டே வாங்கினேன். அதுவரை ஒரே தடவையில் அவ்வளவு பணம் அதில் போட்டதில்லை. பல வருஷங்களுக்குப் பிறகு தங்கைக்கு ஒழுங்காகப் பொங்கல் சீர் அனுப்பிவிட்டேன் என்று மனசு நிறைந்திருந்தது.

சீர் வந்தால் தங்கை ஒரு வார்த்தை சொல்லவேண்டும். "வந்து சேந்துச்சுண்ணே," அவ்வளவுதான். பொங்கலன்று காத்திருந்தேன். மாட்டுப் பொங்கலன்றும் காத்திருந்தேன். வார்த்தை வரவில்லை, அதே சின்ன மரப்பெட்டி மட்டும் வந்தது. எனக்குச் சுருக்கென்றது. அவ்வளவு பெரிய சீரை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், வழக்கமான பெட்டியைத் தூக்கிப் போடுகிறாளா? எங்கள் சொந்தத்தில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கு அண்ணன் தங்கை பேச்சுவார்த்தை அறுந்திருக்கிறது. அவளாகக் கூப்பிடுகிற வரை நான் கூப்பிடுவதில்லை என்று ரோஷத்தோடு உட்கார்ந்துவிட்டேன். தை போயிற்று, மாசி போயிற்று. கோபத்திலும் அவள் பெட்டிக்குப் பதில் பெட்டி அனுப்புவதை மட்டும் நிறுத்த மனசு வரவில்லை.

பங்குனியில் சித்தப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். கலச நீர் ஊற்றி முடித்து, ஈரப் புடவையோடு சித்தி என் பக்கம் வந்து, "தங்கச்சி கால் இப்ப எப்படிப்பா இருக்கு? நடக்குறாளா?" என்றார்.

"பரவால்ல சித்தி," என்றேன். எந்தக் கால், என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. சொந்தத் தங்கைக்கு என்ன நடந்தது என்று தெரியாதவன் என்று அத்தனை பேர் நடுவில் காட்டிக்கொள்ள முடியவில்லை. சித்தியே தொடர்ந்தார். "பொங்கலுக்கு முந்துன வாரம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து, காலுக்குத் தகடு வச்சு, ஆறு வாரம் படுக்கைல கெடந்தாளே, பாவம். நீ தெனம் பேசுவ, ஆறுதலா இருந்திருக்கும்."

வெளியே கார்கள் நிற்கிற இடத்துக்குப் போய் அவளைக் கூப்பிட்டேன்.

"சொல்லுண்ணே." குரலில் கோபமில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கால் ஒடஞ்சத ஏன் எனக்குச் சொல்லல?"

"பொங்கலுக்கு நீ கூப்புடுவ, அப்ப சொல்லலாம்னு இருந்தேன். நீ கூப்புடவே இல்ல."

"நான் சீர் அனுப்புனேன். நீதான் வந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லல."

"என்ன சீர்?"

"வெளையாட்டுல. அறுவடைப் பெட்டி." மாலையும் கழுத்துமாகத் தம்பதிகள் என்னைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லும்போதே கூசியது.

"அண்ணே, நான் அத ஆடியிலயே விட்டுட்டேனே. போன் மாத்துனப்ப திரும்ப ஏத்தவே இல்ல."

"தெனம் பெட்டி வருது. நேத்துகூட வந்துச்சு."

"நான் அனுப்பலண்ணே."

வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். ஆடியிலிருந்து பங்குனி வரை ஆளில்லாத தீவில் நான் சீர் இறக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அந்தப் பெட்டி வருதுன்னுதான் என்னைக் கூப்புடாம இருந்தியா?" என்று கேட்டாள். "படுத்துக் கெடந்தப்ப போன் அடிச்சா நீதானோன்னு எட்டி எட்டிப் பாப்பேண்ணே," என்றாள்.

ஊருக்குத் திரும்பியதும் விளையாட்டின் உதவிப் பக்கத்தில் எழுதினேன். தங்கை விளையாடாதபோது அவள் பெயரில் எனக்குப் பெட்டி அனுப்பியது யார் என்று கேட்டேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. நட்பு தொடர்வதற்காக, நெடுநாள் வராத நண்பர்களின் சார்பில் பெட்டிகள் தாமாகவே அனுப்பப்படும். நான் சேரும்போதே சம்மதித்த விதிகளில் இது இருக்கிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம், இருபது முத்துகளை ஏற்றுக்கொள்ளவும். நான் திட்டிய திட்டில் கடை வாசலில் கட்டியிருந்த ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்தது. அழித்துவிடலாம் என்று விரல் வைத்தேன். அதைப் போனில் சொன்னபோது தங்கைதான் தடுத்தாள். "இருக்கட்டும்ணே. நான் திரும்ப ஏத்துறேன். திங்கக்கெழமை உனக்குப் பன்னெண்டு மணிக்கு வர்றேன், பழையபடி பேசிக்கிட்டே வெளையாடலாம். மொத வேலையா என் கையால ஒரு பெட்டி அனுப்புறேன், பாரு."

திங்கட்கிழமை பதினொன்றரைக்கே கடையின் ஒரு கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டுக்குப் பெட்டி வந்தது. நீலக் கொடி. 'உங்கள் நண்பர் உங்களை நினைத்து இதை அனுப்பியிருக்கிறார்.' அதே மரம், அதே எழுத்து. எப்படிப் பார்த்தாலும் நேற்று வந்ததற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவள் குரலுக்காக ஒரு மணி வரை பார்த்தேன். வரவில்லை. நானே கூப்பிட்டேன்.

"ஐயோ, மீட்டிங்ல மாட்டிக்கிட்டேண்ணே, இப்பதான் வெளிய வந்தேன். நாளைக்குக் கண்டிப்பா வர்றேன்," என்றாள். பிறகு நான் கேட்காமலே, "பெட்டி வந்துச்சா? காலைலயே அனுப்பிட்டேன். நான்தான் அனுப்புனேன்," என்றாள்.

"வந்துச்சு பாப்பா. இப்பதான் தொறந்து பாத்தேன், நல்லாருக்கு," என்றேன். நான் அதைத் திறக்கவில்லை.