தோல் ஹோஸை வெயிலில் போட்ட நாள்

1. பெட்டியில் வந்த பம்பு

கத்தாரில், ராஸ் லஃபானில் ஒரு கேஸ் பிளான்ட்டின் ஃபயர் ஸ்டோரில் லீட் டெக்னீஷியனாக இருந்தேன். இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு நாள் பெரிய மரப்பெட்டி ஒன்று வந்து இறங்கியது. உள்ளே, கையால் அடிக்கும் பழைய தீயணைப்பு பம்பு. இருபுறமும் நீளக் கைப்பிடி. பக்கத்துக்கு நாலு பேர் நின்று மாறி மாறி அழுத்தினால்தான் தண்ணீர் வரும். ட்ரெய்னிங் சென்டர் வாசலில் வைக்க இங்கிலாந்திலிருந்து வாங்கியிருந்தார்கள்.

எனக்குப் பிடித்துப்போனது அதோடு வந்த தோல் ஹோஸ்தான். முதலில் தோலை நூலால்தான் தைத்தார்களாம். பிரஷர் ஏறினால் தையல் பிரிந்துவிடும். அதனால் செம்பு ரிவெட் அடித்தார்கள். ஆலைகள் பெருகின, தீயும் பெருத்தது, நீராவி பம்பு வந்தது. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க, உள்ளே ரப்பர் வைத்த கேன்வாஸ் ஹோஸ் வந்தது. எங்கள் ஸ்டோரில் இருந்ததெல்லாம் அதன் பேரப்பிள்ளைகள்.

2. டிரையல்

காலையில் அந்தத் தோல் ஹோஸை மாட்டி, எட்டுப் பேர் நின்று அடித்துப் பார்த்தோம். தண்ணீர் பீறிட்டது. எல்லோரும் கை தட்டினோம். எனக்குப் பெர்மிட் மீட்டிங் இருந்ததால் செல்வத்திடம், "கழுவி வழக்கம்போல காயப் போட்டுருப்பா" என்று சொல்லிவிட்டு ஓடினேன். செல்வம் பெரம்பலூர்க்காரர், கான்ட்ராக்டில் இருந்தவர்.

எங்கள் வழக்கம், ஹோஸைச் சிமென்ட் தளத்தில் வெயிலில் விரிப்பது. அந்த ஊர் வெயிலில் அரை மணியில் காய்ந்துவிடும். தோலை அப்படிப் போடக் கூடாது, நிழலில் உலர்த்தி எண்ணெய் தடவ வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. திரும்பி வந்து பார்த்தால் ஹோஸ் அப்பளமாக விறைத்து, ரிவெட் ஓரமெல்லாம் வெடித்திருந்தது.

சூப்பர்வைசர் கான் சாப் வந்தார்.

"யே கிஸ்னே கியா?" யார் செய்தது என்று கேட்டார்.

"மைனே கியா, சாப்." நான்தான் என்றார் செல்வம்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வாரம் என் கான்ட்ராக்ட் ரினியூவல். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதுதான் என் வாயைக் கட்டியது.

"கல் ஹெச்.ஆர். ஜாவோ. கலாஸ்" என்றார் கான் சாப். நாளைக்கு ஹெச்.ஆருக்குப் போ, முடிந்தது கதை.

செல்வத்துக்கு இரண்டு வாரத்தில் லீவ். அவர் இங்கே வந்த பிறகு பிறந்த மகளை அவர் இன்னும் பார்த்ததே இல்லை. "எப்படியும் புள்ளய சீக்கிரம் பாத்துருவ" என்று அன்று ராத்திரி கேம்ப் ரூமில் ஒருவர் தேற்றப் பார்த்தார்.

"வேலை போயி நின்னா அவள எந்த மூஞ்ச வச்சுக்கிட்டுத் தூக்குறது?" என்றார் செல்வம்.

3. மறுநாள்

டியூட்டிக்கு முன்பே கான் சாப் அறைக்குப் போனேன். காயப் போடச் சொன்னது நான், செல்வம் மேல் தப்பில்லை என்றேன்.

"கல் க்யோன் நஹீ போலா?" நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"டர் கயா, சாப்." பயந்துவிட்டேன் என்றேன்.

பிறகு செல்வத்தை வேலையிலிருந்து நீக்க எழுதியிருந்த பேப்பரைக் கிழித்துவிட்டு எனக்கு வார்னிங் லெட்டர் எழுதினார். ரூமுக்கு ரூம் தேங்காய் எண்ணெய் வாங்கி ஹோஸில் தடவினோம். பார்வைக்குத் தேறியது. தண்ணீர் விட மட்டும் லாயக்கில்லாமல் போனது.

லீவில் கிளம்பும் அன்று, கேம்ப் பஸ் அருகே செல்வத்திடம் கேட்டேன்.

"ஏம்பா என் பேரச் சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு அன்னிக்கு ராத்திரி பூரா முழிச்சுப் படுத்துக் கெடந்தேண்ணே. நான் சொன்னா அது கோள் சொன்ன மாதிரி ஆயிரும்ல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினார்.

இப்போது வேலைக்கு வருகிறவர்களிடம் இரண்டு விஷயம் சொல்வேன். பழைய சாமானில் கை வைக்கும் முன் அது எதனால் ஆனது என்று கேளுங்கள். தப்பு நடந்தால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். நான் சொன்னேன்தான். ஆனால் செல்வத்தை ஒரு ராத்திரி முழுக்கக் காக்க வைத்துவிட்டுச் சொன்னேன்.